குணமா, வெசனமா? பாலின உளைச்சல் பற்றிக் கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் மனநல சமூகப் பணியாளராகப் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம், கோபி, பல்லடம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பங்கள் வரும். பிள்ளைக்குப் பாலின உளைச்சல் என்று டாக்டர் சீட்டில் எழுதிய பிறகு என்னிடம் அனுப்புவார்கள். வந்து உட்கார்ந்ததும் பெற்றவர்கள் கேட்பது பெரும்பாலும் குணத்தைப் பற்றித்தான். "ஏனுங்க மேடம், இவங்கொணமே இப்படி ஆகிப்போச்சே, எதனாலங்க?" திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை எடுத்து, நான் அவர்களுக்குச் சொல்கிற பதிலையும் இங்கே எழுதியிருக்கிறேன். இதில் வருகிறவர்களின் ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

சீட்டில் 'ஜென்டர் டிஸ்ஃபோரியா' என்று எழுதியிருக்கிறார்கள். அது மனநோயா?

பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ எழுதிவைத்தது ஒன்று. அந்தப் பிள்ளை உள்ளுக்குள் தன்னை உணர்வது இன்னொன்று. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல், அதனால் கடுமையான உளைச்சல் வந்து, படிப்பு, வேலை, உறவு எல்லாம் அடிபடும்போது டாக்டர்கள் இந்தப் பெயரை எழுதுகிறார்கள். குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது கணக்கு. திருநங்கை (ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர்), திருநம்பி (பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்ற திருநர் எல்லாருக்கும் இந்த உளைச்சல் இருந்தே தீரும் என்பதில்லை.

முன்பு இதை 'பாலின அடையாளக் கோளாறு' என்று எழுதினார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, உளைச்சலை மட்டும் குறிக்கும் பெயரை வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய் அத்தியாயத்திலிருந்தே வெளியே எடுத்து, பாலியல் நலம் சார்ந்த பகுதியில் 'பாலின முரண்' என்ற பெயரில் சேர்த்தது. ஆகவே திருநராக இருப்பது மனநோய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை படுகிற வெசனம் நிஜம். அதோடு மனச்சோர்வு, பதற்றம் என்று வேறு தொல்லைகளும் சேர்ந்துகொள்ளலாம். அவற்றுக்குத் தனியாக வைத்தியம் உண்டு.

சின்னதில் நல்லாத்தான் இருந்தான். இப்போது அழுத்தக்காரன், பொய் சொல்கிறான், சொந்தபந்தத்தோடு ஒட்டுவதில்லை, சுள்ளென்று எரிந்து விழுகிறான். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பம். பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்திருந்தார்கள். அம்மாவின் பெரிய புகார் குளியலறைதான். "உள்ள போனா ஒரு மணி நேரமுங்க. லைட்டும் போடறதில்ல. கொழாயத் தொறந்து உட்டுட்டு நிக்கறானுங்க. தண்ணிப் பஞ்சத்துல இது என்ன சோம்பேறித்தனமுங்க?" நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இருட்டுல குளிச்சா ஒடம்பப் பாக்க வேண்டியதில்லீங்க்கா. கொழாய்ச் சத்தத்துல அழுதா வெளிய கேக்காது." அம்மா அப்படியே வாயை மூடிக்கொண்டார். நாலு வருடமாக வீட்டில் 'சோம்பேறி' என்று திட்டியது இதைத்தான்.

அன்றிலிருந்து, குணம் என்று யார் என்ன சொன்னாலும் நான் முதலில் கேட்பது: எந்த இடத்தில், யார் முன்னால், எப்போதிருந்து? பொய் சொல்கிறான் என்றால் எதைப் பற்றி? ஒட்டுவதில்லை என்றால் எல்லோரோடுமா, இல்லை மாமன் மச்சான் கூடி "எப்படா கல்யாணம்" என்று கேட்கிற இடத்தில் மட்டுமா? எட்டு வயதிலிருந்து தன் கை எப்படி ஆடுகிறது, நடை எப்படி இருக்கிறது, சிரிக்கும்போது குரல் எங்கே போகிறது என்று தன்னைத்தானே காவல் காத்த பிள்ளை, பதினெட்டு வயதில் அழுத்தக்காரனாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? நாள் பூராவும் காவல் காத்தால் அலுப்பு வரும். அலுப்பில் கோபம் வரும்.

உளவியலில் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. பாலின உளைச்சல் உள்ளவர்களிலும் இந்த ஐந்தும் மற்றவர்களைப் போலவே கூடியும் குறைந்தும்தான் இருக்கின்றன. வாய் ஓயாத திருநங்கையும் உண்டு, மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிறவரும் உண்டு. 'திருநர் குணம்' என்று தனியாக ஒன்று கிடையாது. கலங்கும் தன்மை மட்டும் சிலருக்கு அதிகமாகத் தெரியும். அதில் பெரும்பங்கு பிறவிக் குணமா, இப்போது படுகிற வெசனமா என்பதை, வெசனம் குறைந்த பிறகுதான் சொல்ல முடியும்.

பர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டில் ஏதேதோ 'அதிகம்' என்று வந்திருக்கிறதே?

அநேகமாக எம்.எம்.பி.ஐ. என்ற கேள்வித்தாளாக இருக்கும். 1943-இல் அமெரிக்காவில் வெளியானது. பிறகு திருத்தங்கள் நடந்தன. அதன் பழைய பதிப்புகளில் ஆண்மை-பெண்மைக்கென்றே ஓர் அளவு இருக்கிறது. அவற்றில் மதிப்பெண் போடும்போதும் ஆணுக்கு ஒரு அட்டவணை, பெண்ணுக்கு ஒரு அட்டவணை. ஒரு திருநம்பியின் விடைகளைப் பெண்களின் அட்டவணையில் போட்டால் கோடு மேலே போகத்தானே செய்யும்? அதேபோல, மற்றவர்கள் தன்னைக் கவனிக்கிறார்கள், பேசுகிறார்கள் என்று ஒருவர் பதில் எழுதினால் சந்தேக அளவு ஏறும். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றாலே பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற ஒரு திருநங்கைக்கு அது சந்தேகம் இல்லை, தினசரி நடப்பு.

2015-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கிய 48 திருநம்பிகளிடம் இதே கேள்வித்தாளை ஆரம்பத்திலும் மூன்று மாதம் கழித்தும் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் பல அளவுகள் சீராகியிருந்தன. நிரந்தரக் குணம் மூன்று மாதத்தில் மாறாது. ஆகவே ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அதையே ஜாதகமாக நினைக்கவும் வேண்டாம். எந்த அட்டவணையில் மதிப்பெண் போட்டார்கள் என்று கேளுங்கள்.

'பார்டர்லைன் பர்சனாலிட்டி' என்கிறார்கள். பாலினக் குழப்பமே அதனால்தான் என்கிறார்கள். உண்மையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த திருநங்கை. இருபத்து மூன்று வயது. கையில் பழைய காயத் தழும்புகள். ஒரு கிளினிக்கில் கால் மணி நேரம் பேசிவிட்டு இந்தப் பெயரை எழுதிவிட்டார்கள். ஏன் எழுதினார்கள் என்பது புரிகிறது. இந்த ஆளுமைக் கோளாறின் அடையாளங்களைப் பாருங்கள்: விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், சடக்கென்று மாறும் மனநிலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, 'நான் யார்' என்பதில் நிலையில்லாமை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு விட்டுவிடுவார்களோ என்ற பயம் இருக்காதா? ஊரில் ஒரு பெயர், ரூமில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று வாழ்கிறவரிடம் 'நீ யார்' என்று கேட்டால் பதில் தடுமாறத்தானே செய்யும்?

நான் அவரோடு ஆறு முறை உட்கார்ந்தேன். அம்மாவோடு போனில் பேசிய நாட்களில் மட்டும்தான் எல்லாம் தலைகீழானது. மற்ற நாட்களில் ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை கட்டினார், கூட இருந்த இரண்டு பேருக்கும் சோறாக்கிப் போட்டார், மூன்று வருடமாக ஒரே சிநேகிதியோடு சண்டையில்லாமல் இருந்தார். தான் பெண் என்பதில் அவருக்கு ஏழு வயதிலிருந்து ஒரு நாளும் சந்தேகமே இல்லை. ஆளுமைக் கோளாறு என்றால் அது எல்லா உறவிலும் தலைகாட்டியிருக்க வேண்டும்.

பாலின உளைச்சல் உள்ளவர்களிடம் ஆளுமைக் கோளாறு எவ்வளவு என்று பார்த்த ஆய்வுகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் பெரிதாக வேறுபடுகிறது. கிளினிக்குக்கு வந்தவர்களை, அதுவும் சிகிச்சை தொடங்கும் முன், உளைச்சலின் உச்சத்தில் வைத்து அளந்தால் அப்படித்தான் வரும்.

சரி, சிலருக்கு இரண்டும் நிஜமாகவே சேர்ந்து இருக்காதா? இருக்கும். அப்போது ஆளுமைக் கோளாறுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். மார்ஷா லைன்ஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய பேச்சுச் சிகிச்சை அதற்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் அந்தக் கோளாறு இருப்பதாலேயே 'நீ பெண் இல்லை' என்று சொல்வது தப்பு. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் கால் ஒடிந்தால், சர்க்கரையால்தான் ஒடிந்தது என்று சொல்லிக் கட்டுப் போடாமல் அனுப்புவோமா?

மனச்சோர்வும் பதற்றமும் இவர்களுக்கு ஏன் அதிகம்?

அதிகம் என்பது உண்மை. பல நாட்டு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஏன் என்பதற்கு 2003-இல் இலான் மேயர் என்ற ஆய்வாளர் விளக்கிய கருத்து இன்றுவரை உதவுகிறது. சிறுபான்மையாக இருப்பவருக்கு வெளியிலிருந்து ஏச்சு, அடி, புறக்கணிப்பு. உள்ளுக்குள் 'எப்போது திட்டுவார்களோ' என்ற எதிர்பார்ப்பு, மறைத்தல், தன்மேலேயே வெறுப்பு. இவை எல்லாருக்கும் இருக்கிற சாதாரணக் கவலைகளுக்கு மேல் ஏறிக்கொள்ளும் கூடுதல் பாரம்.

மெக்ஸிகோ நகரத்தில் 250 திருநர்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்களின் மன உளைச்சலுக்கும் வாழ்க்கைப் பாதிப்புக்கும் பாலின முரணைவிட, குடும்பமும் சமூகமும் ஒதுக்கியதும் வன்முறையும்தான் பெரிய காரணமாகத் தெரிந்தன. நோய்ப் பட்டியலை மாற்றியபோது இந்த ஆய்வும் பேசப்பட்டது.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்வேன். இங்கே பல குடும்பங்கள் ஊருக்குள் இல்லை, தோட்டத்து வீட்டில் இருக்கின்றன. அடுத்த வீடு அரை கிலோமீட்டர். பிள்ளை மனம்விட்டுப் பேச ஒரு ஆள் கிடையாது. ஆனால் ஒரு சீர், ஒரு நோம்பி என்றால் பங்காளிகள் இருநூறு பேர் ஒரே நாளில் கூடி நிற்பார்கள். அந்த ஒரு நாளை நினைத்தே ஒரு மாதத்துக்கு முன்பிருந்து சோறு இறங்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டிசமும் சேர்ந்து இருக்குமா?

சிலருக்கு இருக்கும். சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் பேரின் தகவலை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், திருநர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆட்டிசம் இருந்தால் பேசும் முறையையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 'அதனால்தான் இப்படிச் சொல்கிறான்' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நான் வளர்த்த விதம்தான் காரணமா?

இல்லைங்க. பெண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டது, அக்காவின் பாவாடையைக் கட்டிப் போட்டோ எடுத்தது, அப்பா லாரியிலேயே காலம் கழித்தது, எதுவுமே இல்லை. வளர்ப்பால் ஒருவரின் பாலின உணர்வு உண்டாகிறது என்பதற்குச் சான்று கிடையாது. இதை ஒவ்வொரு அம்மாவிடமும் இரண்டு முறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. உங்கள் பிள்ளையோடு சேர்த்து, ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் போகும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

மந்திரித்துப் பார்த்தோம். 'மாற்றிவிடலாம்' என்று ஒருவர் மருத்துவமும் சொல்கிறாரே?

கோயிலுக்குப் போங்கள், மனசுக்கு நிம்மதி கிடைத்தால் நல்லதுதான். திருச்செங்கோட்டு மலையேறி, பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டு வந்த ஒரு அப்பா, "மாத்தச் சொல்லி வேண்டத்தான் போனேனுங்க, அங்க நின்னா வாய் வரலீங்க" என்றார். ஆனால் வேப்பிலை அடி, பட்டினி, கட்டிவைப்பது வேண்டவே வேண்டாம்.

'மாற்றிவிடலாம்' என்று சொல்கிற மருத்துவம் பொய். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்ற முயலும் சிகிச்சைகளைத் தடுத்து உத்தரவிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அப்படி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பெண் பிள்ளை. தான் ஆண் என்கிறது. அமைதியாகத்தான் இருக்கிறது. பிரச்சினை இல்லைதானே?

இந்த அமைதிதான் எனக்குப் பயம் தருகிறது. வெளியே தெரிகிற திருநங்கையை ஊர் ஏசுகிறது; திருநம்பியை வீடு பூட்டிவைக்கிறது. போனை வாங்கிவைத்து, கல்லூரியை நிறுத்தி, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். அடங்கின பிள்ளை, நல்ல குணம் என்று பேர். மாதவிடாய் வருகிற ஐந்து நாளும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளையை 'சாது' என்று அறிமுகம் செய்தார்கள் ஒருமுறை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஹார்மோன், ஆபரேஷன் செய்தால் மனநிலை சரியாகிவிடுமா?

பெரியவர்களில் பலருக்கு ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு மனச்சோர்வும் பதற்றமும் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாத் துயரமும் அதோடு தீரும் என்று சொன்னால் அது பொய். ஸ்வீடனில் 1973 முதல் 2003 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 324 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பொது மக்களைவிட அவர்களிடம் தற்கொலை அதிகமாகவே இருந்தது. இதைக் காட்டி 'ஆபரேஷன்தான் கெடுத்தது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்த ஆய்வு ஒப்பிட்டது பொது மக்களோடு. ஆபரேஷன் கிடைக்காத திருநர்களோடு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் மனநலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பதினான்கு, பதினைந்து வயது என்றால் மருந்தில் நிதானம் வேண்டும். 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் டாக்டர் ஹிலரி காஸ் தந்த அறிக்கை, பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான சான்று பலமாக இல்லை என்று எச்சரித்தது. இதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் பிள்ளை பேசுவதைக் கேட்க எந்த வயதுக்கும் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று: மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாங்களாகவே விழுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் அளவு தப்பினால் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. திட்டாமல் கேட்டு, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இப்படிப்பட்டவர்களால் பொறுப்பான வேலை பார்க்க முடியுமா?

சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் வேலைக்காக உயர் நீதிமன்றம் வரை போய் 2015-இல் ஜெயித்தார். 2017-இல் சப்-இன்ஸ்பெக்டராகப் பணியில் சேர்ந்தார். அவருக்கு எந்தக் குணம் குறைவு?

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பேரில் ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் 129 இளம் திருநர்களிடம் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. தாங்கள் தேர்ந்தெடுத்த பேரை வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என்று எத்தனை இடங்களில் சொல்லிக் கூப்பிட்டார்களோ, அத்தனைக்கத்தனை மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. செலவில்லாத மருந்து. வாய் வரவில்லை என்றால் 'கண்ணு', 'சாமி', 'தங்கம்' என்று கூப்பிடுங்கள். நம் பேச்சில் அந்தச் சொற்களுக்கு ஆண் பெண் கிடையாது. அப்படித் தொடங்கி ஆறு மாதத்தில் பேருக்கு வந்துசேர்ந்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.

குளியலறை, உடை மாற்றும் அறை, படுக்கும் இடம், இந்த மூன்றிலும் தனிமை கொடுங்கள். முடி வெட்டச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

'செத்துருவேன்' என்கிறான். மிரட்டலா?

மிரட்டல் என்று எடுக்கவே எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2015-இல் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருநர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது உயிரை விட முயன்றதாகச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்டால்தான் பாரம் இறங்கும். தனியாக விடாதீர்கள். தோட்டத்து வீடு என்றால் பூச்சி மருந்து டப்பாக்களை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 14416 டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், 104-க்கும் கூப்பிடலாம். ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

யாரிடம் போவது?

கோவை, பெருந்துறை, சேலம், கரூர், திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் திருநங்கைகள் நல வாரியம் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். டாக்டரிடம் போனதும் பிள்ளையை எந்தப் பேரில் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். கேட்ட பேரில் கூப்பிட மறுத்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது?

எல்லாவற்றையும் எல்லாரிடமும் விளக்க வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் ஒரு அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. மாரியம்மன் நோம்பிக்கு வந்த சொந்தத்தில் ஒருவர், தாவணி கட்டிப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டி, "இது யாருங்க?" என்று இழுத்தாராம். "எம்பேத்தியுங்க. ஒக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அம்முச்சி அடுத்த இலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

வாய் திறக்காத அழுத்தக்காரி என்று என்னிடம் கூட்டிவந்த பிள்ளை அது. அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிடம் பேசி அனுப்பியிருந்தாள். எத்தனை பந்தி, யார் யார் இரண்டாம் முறை பாயசம் கேட்டார்கள், ரசம் தீர்ந்துபோய் அவள் எப்படிச் சமாளித்தாள், எல்லாம்.